பெண்களுக்கு மட்டும்: திறந்த கதவும் அடைத்த கதவும்

1890-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தில் 64-ஆவது பிரிவு ஓர் எளிய கட்டளையை இட்டது. 1891 ஜனவரி 1 முதல், பயணிகள் ரயில் ஒவ்வொன்றிலும் பெண்களுக்கு மட்டுமென ஒரு பெட்டியாவது ஒதுக்க வேண்டும். அது அந்த ரயிலின் ஆகக் கீழான வகுப்பில் அமைய வேண்டும். ரயில் 50 மைலுக்கு மேல் ஓடுவதானால் அதில் கழிப்பறை இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 119-ஆவது பிரிவு, அந்த இடத்துக்குள் தெரிந்தே நுழையும் ஆணுக்கு 100 ரூபாய் வரை அபராதம் விதித்தது. பெண் என்பவர் யார், ஆண் என்பவர் யார் என்று சட்டம் எங்கும் விளக்கவில்லை. எதற்காகப் பிரிக்கிறோம் என்பதில்தான் அது கவனம் செலுத்தியது: பயணம் செய்ய முடியாதிருந்த பெண் பயணம் செய்ய வேண்டும். பாலின அடிப்படையில் தனித்த சேவைகளை இந்தியச் சட்டம் கையாண்ட 130 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றை, மும்பையை நடுவில் வைத்துப் படித்தால் ஒரு முடிவு தெளிவாகக் கிடைக்கிறது. பாலுக்கு ஒரு வரையறையைத் தேடி எழுதியபோது அல்ல, தனி ஏற்பாடு பெண்ணுக்குப் பொதுவாழ்வின் வழியைத் திறக்கிறதா அடைக்கிறதா என்று கேட்டபோதுதான் நம் சட்டம் சரியான விடையை அடைந்திருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க மறந்த இடங்களில் தவறியிருக்கிறது.

போரி பந்தரிலிருந்து தாணே வரை 1853 ஏப்ரல் 16 அன்று ஓடிய முதல் ரயிலுக்குப் பின், நாற்பது ஆண்டுகளுக்குள் பம்பாய் ஆலைப் புகையின் நகரமாகியிருந்தது. கோஷா முறையில் வாழ்ந்த வசதியான குடும்பங்கள் ஒரு முழுப் பெட்டியையே காசு கொடுத்து எடுத்துக்கொள்ள முடியும். மூன்றாம் வகுப்பில் நெரிசலில் நசுங்கிய ஏழைப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் 64-ஆவது பிரிவு கீழ்வகுப்பைக் குறிப்பிட்டது பெரிய விஷயம். மரியாதையைக் காசுள்ளவரின் வசதியாக விடாமல் எல்லோருக்கும் உரியதாக்கியது அது. அதே 1891-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டமும் பெண்ணைத் தனியே பிரித்தது, ஆனால் வேறு வகையில். பெண் தொழிலாளரின் வேலைநேரத்தை நாளுக்கு 11 மணி என்று அது வரையறுத்தது. பஞ்சாலை ஆண்களின் நேரத்துக்கு 1911 வரை வரம்பே இல்லை. களைத்துப்போன உடலுக்கு அது நிவாரணம்தான், மறுக்க முடியாது. ஆனால் ஒருவருக்கு மட்டும் வரம்பு வைத்தால், முதலாளி வரம்பில்லாதவரைத்தான் வேலைக்கு எடுப்பார். 1920-களில் பம்பாய் ஆலைத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவராக இருந்த பெண்களின் பங்கு பிறகு தொடர்ந்து சரிந்தது. ஷிஃப்ட் முறை, ஆட்குறைப்பு, தொழிற்சங்கங்களின் அக்கறையின்மை எனக் காரணங்கள் பல. பெண்களுக்கு விதித்த இரவு வேலைத் தடையும் அவற்றில் ஒன்று. இப்படி ஒரே ஆண்டில் இரண்டு தனி ஏற்பாடுகள் பிறந்தன. ஒன்று பெண்ணை ரயிலுக்குள் ஏற்றியது, மற்றொன்று காலப்போக்கில் ஆலையிலிருந்து வெளியேற்ற உதவியது.

அரசமைப்புச் சட்டம் இந்த இரட்டை மரபைத்தான் 1950-இல் பெற்றுக்கொண்டது. அதன் 15-ஆவது கூறின் முதல் உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இரண்டாவது, கடை, உணவகம், கிணறு, குளம், சாலை போன்ற இடங்களில் அதே அடிப்படையில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. இது தனியாரையும் கட்டுப்படுத்தும். மூன்றாவது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இவை தடையாகா என்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கும் முறையைத் தொடக்கத்திலேயே கற்றுத் தந்தது பம்பாய் உயர் நீதிமன்றம். நகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியதை எதிர்த்து வந்த தத்தாத்ரேய மோதிராம் மோரே வழக்கில், 1953-இல் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா சொன்னதன் சாரம் இது: முதல் உட்பிரிவையும் மூன்றாவதையும் இணைத்துப் பார்த்தால், பெண்ணுக்குச் சாதகமாக அரசு வேறுபாடு காட்டலாம், ஆணுக்குச் சாதகமாகப் பெண்ணுக்கு எதிராகக் காட்டக் கூடாது. சிறப்பு ஏற்பாட்டுக்கு ஒரு திசை உண்டு என்பதே இதன் பொருள்.

திசையைப் பார்க்காமல் 'சிறப்பு' என்ற பெயரை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டே நாடு கண்டது. அதே பம்பாயிலிருந்து சென்ற யூசுஃப் அப்துல் அஜீஸ் வழக்கில், மணமான பெண்ணோடு உறவு கொண்ட ஆணை மட்டும் தண்டித்துப் பெண்ணை விட்டுவிடும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை, பெண்ணுக்கான சலுகை என்று ஏற்று 1954-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. கணவன் சம்மதித்தால் அங்கே குற்றமே இல்லை. அது மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய சட்டம் என்று சொல்லி நீக்க 2018 வரை ஆயிற்று. சென்னையிலும் அதே காலத்தில் ஒரு வழக்கு. இணைப்புக் கல்லூரிகள் அனுமதி பெறாமல் மாணவியரைச் சேர்க்கக் கூடாது என்று சென்னைப் பல்கலைக்கழகம் உத்தரவிட்டிருந்தது. சாந்தாபாய் வழக்கில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. மாணவியருக்கான வசதிகள் இல்லாத கல்லூரிகள் பற்றிய ஒழுங்குமுறையே இது, பால் பற்றிய பாகுபாடு அல்ல என்பது காரணம். ரயில்வே சட்டம் வசதி இல்லாத இடத்தில் வசதியைச் செய்யச் சொன்னது; பல்கலைக்கழகமோ வசதி இல்லை என்பதையே கதவாக்கிப் பூட்டியது.

'வசதி இல்லை', 'பாதுகாப்பு இல்லை' என்ற இரண்டு சாக்குகளும் அதன் பிறகு பல பணியிடங்களில் திரும்பத் திரும்பக் கேட்டன. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஏர் இந்தியா, விமானப் பணிப்பெண்களை 35 வயதில், அல்லது சேர்ந்த நான்காண்டுக்குள் திருமணம் செய்தால், அல்லது முதல் முறை கருவுற்றால் பணியிலிருந்து அனுப்பியது. 1981-இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் கருவுறுதல் விதியை உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடி நீக்கியது. ஆனால் பணிப்பெண்கள் தனிப் பிரிவு என்று ஏற்று, நான்காண்டுத் திருமணத் தடையை விட்டுவைத்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 66-ஆவது பிரிவில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்திருந்தது. வசந்தா வழக்கில் 2000-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியதோடு, இரவில் பெண்களை வேலைக்கு வைப்பவர் பாதுகாப்பான போக்குவரத்தும் உரிய தனி வசதிகளும் செய்துதர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. தடையை எடுத்து அதன் இடத்தில் வசதியை வைத்த அந்தத் தீர்ப்பு 64-ஆவது பிரிவின் வழியில் வந்தது. மும்பைத் திரைத்துறையில் பெண்கள் தலைமுடி அலங்காரம் செய்யலாம், ஒப்பனைக் கலைஞராக முடியாது என்று தொழிற்சங்கம் வைத்திருந்த விதியை, 2014-இல் சாரு குரானா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வேலையைப் பாலால் பிரித்த அந்த விதிக்குப் பின்னால் ஆணின் பிழைப்பைக் காப்பதைத் தவிர வேறு நோக்கம் இருக்கவில்லை.

வோர்லிக் கடலோரத்து ஹாஜி அலி தர்கா வழக்கு இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. 2012 வாக்கில் அறக்கட்டளை, சன்னதியின் உட்பகுதிக்குள் பெண்கள் வருவதைத் தடுத்தது. அது சொன்ன காரணங்களில் பெண்களின் பாதுகாப்பும் ஒன்று. 2016 ஆகஸ்ட் 26 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. பாதுகாப்புதான் கவலை என்றால் தனி வரிசை போன்ற ஏற்பாடுகளைச் செய்யலாம். அதைச் சொல்லி நுழைவையே மறுக்கக் கூடாது என்பது அதன் போக்கு. தனி வரிசையில் நிற்கும் பெண் சன்னதியை அடைகிறாள், தடுப்புக்கு வெளியே நிற்பவள் அடையவில்லை. இரண்டும் பாலின அடிப்படையிலான பிரிப்புதான். சட்டம் ஒன்றை அனுமதித்து மற்றொன்றைத் தள்ளியது. அவை பெண்ணை எங்கே கொண்டு சேர்க்கின்றன என்பதுதான் இரண்டையும் வேறுபடுத்தியது.

இந்த வாதத்தின் கடுமையான சோதனைக்களம் கழிப்பிடம். தொழிற்சாலைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. தாராவியின் தோல் பட்டறைகளும் தையல் கூடங்களும் அப்பளம் இடும் வீடுகளும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குக் கீழே நின்றன. 2020-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தொழிற்சாலை என்பதற்கான வரம்பை 20, 40 என்று இன்னும் உயர்த்தியது. ஆகவே அங்குள்ள பெண்ணுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் கதி பொதுக் கழிப்பிடமே. அதன் வடிவமைப்பை மாற்றியவர்களில் முதன்மையானவர், கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்து, மான்குர்து ஜனதா காலனியில் மக்களைத் திரட்டிய தமிழரான ஜோக்கின் அற்புதம். 1974-இல் அவர் தொடங்கிய தேசிய குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும், பைகுல்லா நடைபாதைவாழ் பெண்களிடையே 1986-இல் உருவான மகிளா மிலனும், ஸ்பார்க் அமைப்பும் சேர்ந்து மும்பையிலும் புனேயிலும் கட்டிய கழிப்பிடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வாசல், தனி வரிசை. குழந்தைகளுக்குத் தனி இடம். ஒரே வரிசையாக இருந்தால் ஆண்கள் முந்திக்கொண்டு போவார்கள், பெண்கள் நின்றுகொண்டே இருப்பார்கள் என்பது அந்தப் பெண்களே சொன்ன அனுபவம். 2011-இல் மும்பையில் தொடங்கிய 'ரைட் டு பீ' இயக்கம் இன்னொன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது: ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களிடம் காசு. எல்லோருக்கும் பொதுவான கட்டணவிதி என்று சொல்லப்பட்டது நடைமுறையில் ஒரு பாலின்மீது மட்டும் விழுந்த வரி. 2015-இல் மிலூன் சார்யாஜனி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், பெண்களுக்குச் சாலையோரங்களில் சுத்தமான, பாதுகாப்பான கழிப்பறை என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று கொண்டு மாநகராட்சிகளுக்குக் கட்டளையிட்டது. தூய்மை இந்தியா வழிகாட்டு நெறிகள் சமுதாயக் கழிப்பிடத்தில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என்றன. சமத்துவம் வேண்டுமானால் எண்ணிக்கையில் சமமின்மை வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட கணக்கு அது.

ரயிலும் நின்றுவிடவில்லை. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் தன் 58-ஆவது பிரிவில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தொடர்ந்தது. அத்துமீறும் ஆணுக்கு 162-ஆவது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம். 1992 மே 5 அன்று சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே முழு ரயிலே பெண்களுக்காக ஓடத் தொடங்கியது. அதுதான் லேடீஸ் ஸ்பெஷல். தாராவியிலிருந்து சயானுக்கோ மாஹிமுக்கோ நடந்து வந்து ரயிலேறும் வீட்டுவேலைப் பெண்ணும், செம்பூரிலிருந்து ஹார்பர் பாதையில் அலுவலகம் போகும் பெண்ணும் வேலையைத் தக்கவைத்திருப்பதில் லேடீஸ் டப்பாவுக்குப் பங்கு உண்டு. 2017 ஜூலையில் மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையம், நிலைய மேலாளர் முதல் டிக்கெட் பரிசோதகர், பாதுகாப்புப் படையினர் வரை பெண்களே நடத்தும் நிலையமாகி, அடுத்த ஆண்டு லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. பணியிடங்களிலும் பெண்களுக்கு முன்னுரிமை தர 15(3) இடம் தருகிறது என்று 1995-இல் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனாலும் மாட்டுங்காவின் மதிப்பு, ரயில் நிலையத்தின் எந்த வேலையையும் பெண் செய்ய முடியும் என்று நிறுவியதில்தான் இருக்கிறது. பெண்கள் என்றால் மாட்டுங்காவில் மட்டும் என்று ஒரு நாள் ஆகிவிட்டால் அதே ஏற்பாடு அடைத்த கதவாகிவிடும்.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். பிரிப்பது தவறில்லை என்றால், சாதியால் பிரித்ததும் தவறில்லை என்றாகாதா? தமிழருக்கு இந்தக் கேள்வி வெறும் தர்க்கமல்ல. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்றிருந்ததைப் பெரியாரின் போராட்டத்துக்குப் பின் 1941-இல் நீக்க வேண்டியிருந்தது. பிரிவினை என்ற சொல்லே கசக்கும் வரலாறு நமக்கு உண்டு. ஆனால் அந்தத் தனி அறையைக் கேட்டது யார், அதனால் யாருடைய மரியாதை குறைந்தது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். உணவகத்துச் சுவரை எழுப்பியவர் மேலே இருந்தவர். மற்றவர் தொட்டால் தீட்டு என்பதே அதன் அடிப்படை. பெண்கள் பெட்டியில் ஆணைத் தீட்டாகக் கருதுபவர் யாருமில்லை. கைநீட்டுபவரிடமிருந்து விலகி நிற்க இடம் கேட்டவர் கீழே இருந்தவர். அரசமைப்பும் அதனால்தான் 15(3)-இல் பெண்ணுக்குச் சிறப்பு ஏற்பாடு என்றது, ஆணுக்குத் தனியிடம் என்று சொல்லவில்லை. சமூகத்தின் அடுக்கை நிலைநிறுத்தும் பிரிப்பும், அதன் விளைவிலிருந்து காக்கும் பிரிப்பும் ஒன்றல்ல.

இரண்டாவது மறுப்பு பெண்ணியவாதிகளிடமிருந்தே வருகிறது. பெண்ணுக்கு ஒரு மூலை ஒதுக்கிவிட்டால் மீதி நகரம் முழுவதும் ஆணுக்கு என்றாகிவிடாதா? பொதுப்பெட்டியில் ஏறிய பெண்ணை, உனக்குத்தான் தனிப்பெட்டி இருக்கிறதே என்று விரட்ட மாட்டார்களா? விரட்டுகிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் எந்தப் பெட்டியையும் ஆண்களுக்கு என்று ஒதுக்கவில்லை. மற்ற எல்லாப் பெட்டிகளும் பெண்ணுக்கும் உரியவை. அந்த உரிமையைக் காப்பது காவல்துறையின் கடமை. தனி ஏற்பாடு பொது உரிமையோடு கூட்டிக்கொள்ள வேண்டியது, அதற்கு ஈடாகக் கழித்துக்கொள்ள வேண்டியதல்ல. ஆண்களின் நடத்தை மாறும்வரை காத்திருங்கள் என்று இன்று காலை வேலைக்குப் போக வேண்டிய பெண்ணிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது மறுப்பே இந்தக் காலத்துக்குரியது: யார் பெண் என்று வரையறுக்காமல் பெண்களுக்கான சேவையை எப்படி நடத்த முடியும்? பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், தக்க நியாயம் இருந்தால் ஒரு பாலுக்கு மட்டுமான சேவைகளை அனுமதிக்கிறது. அந்தச் சட்டத்தில் பால் என்றால் உயிரியல் பால் என்று 2025 ஏப்ரல் 16 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. திருநர்களுக்கு அதே சட்டம் தரும் தனிப் பாதுகாப்பு தொடர்கிறது என்றும் சொன்னது. இந்தியாவில் அப்படி எல்லாச் சேவைகளையும் ஆளும் ஒற்றைச் சட்டம் கிடையாது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 15-ஆவது கூறிலுள்ள பால் என்பதில் பாலின அடையாளமும் அடங்கும் என்றது. திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் செய்துதரவும் பணித்தது. அதன்பின் நீதிமன்றங்கள் ஒவ்வொரு சட்டத்தையும் அதன் நோக்கத்தை வைத்தே படித்தன. திருநங்கையும் இந்து திருமணச் சட்டத்தின் மணமகளே என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. ஜல்காவ் மாவட்டக் கிராமம் ஒன்றில் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி இடத்தில் திருநங்கை போட்டியிட 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. சாக்ளா பெண்களுக்கான இடங்களைக் காத்த அதே நீதிமன்றம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட திருநங்கை குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ்ப் பெண்ணாகப் பாதுகாப்புக் கோரலாம் என்று 2023-இல் அது சொன்னது.

இந்தப் போக்கு கழிப்பறை வாசலில் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடாது. உடை மாற்றும் இடத்திலும், தாக்குதலுக்கு உள்ளான பெண்கள் தங்கும் இல்லத்திலும் உடல் சார்ந்த அந்தரங்கத்தைப் பெண்கள் கேட்பது நியாயமானது. அதை வெறுப்பு என்று ஒதுக்குவது பிழை. ஆண்கள் பக்கம் அனுப்பப்படும் திருநங்கைக்கு அங்கே காத்திருக்கும் ஆபத்தும் உண்மையானது. எல்லாச் சேவைக்கும் ஒரே வரையறையைப் பொருத்தினால் இந்த இரு உண்மைகளில் ஒன்றை மறைக்க வேண்டிவரும். வாசலில் சான்று கேட்கத் தொடங்கினால், முடி குட்டையாக வெட்டிய பெண்ணும் குரல் கனத்த பெண்ணும் கூடத்தான் நிறுத்தப்படுவார்கள். ஆகவே சேவைக்குச் சேவை நோக்கத்தைக் கேட்டு, காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி முடிவெடுப்பதே நேர்மையான வழி. 2020-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு பணியிடங்களில் ஆண், பெண், திருநர் ஆகியோருக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்றபோது நம் சட்டமியற்றும் மரபு எடுத்த திசை அதுதான்: ஒருவரை வெளியேற்றாமல் இன்னொரு கதவைக் கூட்டுவது. ஒரே நிபந்தனை, அந்தக் கதவுக்கான இடத்தைப் பெண்களின் இருக்கைகளிலிருந்து வெட்டி எடுக்கக் கூடாது. அதைப் பயன்படுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், நிலம் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். 1890-இலும் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு பெட்டியை ஒதுக்குவது ரயில் நிறுவனங்களுக்குச் செலவாகவே இருந்தது. சட்டம் அந்தச் செலவை அவர்கள்மேல் சுமத்தியது, பயணியின் மேல் அல்ல. பெண்ணைப் பற்றிய வரையறையில் நாம் இன்னும் பல ஆண்டுகள் கருத்து வேறுபடலாம். ஆனால் தாராவியில் ஒரு புதிய கழிப்பிடத்துக்கு வரைபடம் போடும்போதும், செம்பூரில் ஓர் அலுவலகம் இரவுப் பணிக்கு ஆள் எடுக்கும்போதும், மாநகராட்சியும் முதலாளியும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த ஏற்பாட்டால் இதுவரை வர முடியாதிருந்தவர் உள்ளே வருகிறாரா? வருகிறார் என்றால் அந்தப் பிரிப்பு சமத்துவத்தின் கருவி. இல்லையென்றால், எவ்வளவு அக்கறையோடு பேசினாலும் அது பழைய பூட்டுதான். அதை உடைக்கும் அதிகாரம் 15-ஆவது கூறிலேயே இருக்கிறது.